பன்னிரண்டாவது அப்பம்

வியாழக்கிழமை காலை கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அடுப்பறை வாசலில் வந்து நின்றபோது அப்பக்காரம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்தால் வள்ளென்று விழுவாள் என்பது கோயிலுக்கே தெரியும். அது தெரிந்தும் ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் ஏதோ பெரிய சங்கதி.

"ஞாயித்துக்கெழமைக்கு எத்தனை அப்பம்மா போடப் போறீங்க?"

"இதென்ன புதுசா கேக்கறீங்க? எப்பவும் போல பதினொண்ணுதான்."

"இந்த வருஷம் பன்னெண்டு போடச் சொல்லியிருக்காங்க."

சல்லடை நின்றது.

அந்தக் கோயில் பதினோரு கொத்தனார்களின் பெயரில் கட்டியது. ரோமச் சக்கரவர்த்திகள் காலத்தில் ஏதோ ஒரு மதில் சுவருக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள். சக்கரவர்த்தியின் சிலைக்குத் தூபம் போடச் சொன்னார்கள். போட மாட்டோம் என்று சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். கொன்றுபோட்டார்கள். அவ்வளவுதான் கதை. அதில் நான்கு பேரின் பெயர்தான் தெரியும். மீதி ஏழு பேரை, "பெயர்களை நீரே அறிந்திருக்கிறீர்" என்று பாதிரியார் படிப்பார். அவர்கள் திருநாளில் ஆளுக்கு ஒரு அப்பமாகப் பதினோரு அப்பம், சிவப்புத் துணி விரித்த மேசையில் அடுக்குவது அங்கே வழக்கம். பதினாறு வருடமாக அந்தப் பதினொன்றும் இந்த அடுப்பில்தான் வெந்தன.

"யாரு அந்தப் பன்னெண்டாவது ஆளு? இன்னொரு கொத்தனாரைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள்.

கோயில்பிள்ளை சிரித்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவரின் சிரிப்பு. "வேற யாரு? நம்ம மணிக்காரர்தாம்மா. உங்க வீட்டுக்காரர்."

அப்பக்காரம்மா சல்லடையை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். கோயில் மணியையும் சாவியையும் பொறுப்பில் வைத்திருந்த மணிக்காரர் செத்து ஆறு வருடம் ஆகிறது. ஊர் இரண்டுபட்டுக் கிடந்த நாட்களில் துப்பாக்கியோடு நான்கு பேர் கோயிலைத் திறக்கச் சொல்லி வந்தார்கள். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. கதவோ இரும்புப் பட்டை அடித்த கதவு. உடைக்க நேரமில்லை. தூரத்தில் ராணுவ லாரிச் சத்தம் கேட்டதும் படியிலேயே அவரைச் சுட்டுப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு. ஊர் அதோடு விடுமா? சாவியைக் கிணற்றில் எறிந்தார் என்றார்கள். பலிபீடத்துக்கு அடியில் ஒளித்தார் என்றார்கள். அந்தச் சாவியைப் போட்டுத்தான் மறுநாள் கோயிலைத் திறந்து அவரையே அடக்கம் செய்தார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"பிஷப்புக்கு மனு போட்டது தெரியும். பதில் வந்துடுச்சா?"

"அது மெதுவா வரும்மா. அதுக்குள்ள அப்பம் ஒண்ணு வெக்கலாம்னு சபைல முடிவு. அப்பத்துக்கு யார் தடை சொல்லப் போறா?"

"அப்ப அவர் பேரை செத்தவங்க பட்டியல்ல படிக்கறது?"

"அதை நான் எடுத்து ஒரு வருஷமாச்சே. சாமிக்காக உசிரைக் குடுத்த ரத்தசாட்சிக்காக நாம ஜெபம் பண்றதாவது? அவங்கதானே நமக்காகப் பண்ணணும். உங்க ஜெபச் சீட்டுல மட்டும் இன்னும் அவர் பேரைக் கீழே, செத்தவங்க வரிசைலயே எழுதறீங்க. பழக்கதோஷம்னு நெனச்சு நானே அடிச்சிடுவேன்."

நல்ல மனுஷர். மரியாதைக்காகத்தான் செய்தார். வேறு எங்கேயும் ஒரு மனிதனைக் கௌரவிக்க அவன் பெயரை அடிக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகு அப்பக்காரம்மாவுக்குக் கை ஓடவில்லை. அவள் அப்பம் சுடுகிறவள். அவள் அப்பம் உள்ளே போய் என்ன ஆகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. பாதிரியார் முதல் அப்பத்தின் முத்திரை விழுந்த நடுப்பகுதியை வெட்டித் தட்டில் வைப்பார். புனிதர்களுக்கும் ரத்தசாட்சிகளுக்குமாகச் சில துண்டுகள் அதன் பக்கத்தில். அதற்குக் கீழே பொடிப்பொடியாய்த் துகள்கள், உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு குவியல், செத்தவர்களுக்கு ஒரு குவியல். சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படித்து ஒரு துகள் கிள்ளி வைப்பார். கடைசியில் அந்தத் துகள்கள் எல்லாம் திராட்சை ரசக் கிண்ணத்தில் விழும். இங்கே பெயர் சொல்லப்பட்டவர்களின் பாவங்களை உம் ரத்தத்தால் கழுவும் என்று சொல்லித்தான் அவற்றைத் தள்ளுவார்.

ஆறு வருடமும் தன் புருஷனும் அதில் ஒரு துகளாக விழுகிறான் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். ஆராதனையில் பிற்பாடு சபையின் நடுவில் செத்தவர்களின் பெயரை உரக்கப் படிக்கும்போது அவள் பக்கத்து அறையில் ஜனங்களுக்குக் கொடுக்க அப்பம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது ஒரு வருடமாக அவருக்கு ஒரு துகள்கூட விழவில்லை என்று தெரிந்ததும், ஒரு வருடமாக அவருக்குச் சோறு போடாமல் இருந்துவிட்டது போல இருந்தது.

ஏனென்றால் மணிக்காரர் எப்பேர்ப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும். மணி அடிப்பதோடு சரி. அடித்து முடித்ததும் கோயிலுக்குப் பின்னால் போய்ப் புகைத்துக்கொண்டு நிற்பார். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. குடி வேறு. குடித்தால் அழுவார், அழுதால் யாரையாவது திட்டுவார். அந்த மனிதனுக்குத் துகள் வேண்டும். ஒன்று போதாது, ஒரு கைப்பிடி வேண்டும்.

மத்தியானம் அவள் நாத்தனாரின் தையற்கடைக்குப் போனாள். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். மணிக்காரரின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் போன பிறகு இரண்டு பெண்களும் அந்த ஒரு வீட்டில், ஒரு அடுப்பில், ஒருத்திக்கு ஒருத்தி என்று இருந்தார்கள். நாத்தனார் தையல் மிஷினில் குனிந்து சிவப்புப் பட்டில் பொன்னிழை ஓட்டிக்கொண்டிருந்தாள். தைத்த துணி மடியிலிருந்து தரை வரை வழிந்து கிடந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னது?"

"பன்னெண்டு."

மிஷின் நின்றது. "உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு இருந்தேன் அண்ணி. அதுக்குள்ள அந்த மனுஷன் போய் ஒளறிட்டாரா? இங்க பாருங்க, அண்ணன் படத்துக்குக் கீழ விரிக்க. கண்ணு போச்சு எனக்கு, மூணு மாசம்."

"நல்லா இருக்கு" என்றாள் அப்பக்காரம்மா. நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் மேலே சொல்ல வாய் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இருந்தாலும் அவர் பேரை கீழ் பட்டியல்ல திரும்ப சேக்கச் சொல்லப் போறேன்."

நாத்தனார் நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"ஜெபத்துக்கு."

"ரத்தம் சிந்தினவனுக்கு என்ன பாவம் இருக்கு அண்ணி? அந்த ரத்தத்துலயே எல்லாம் கழுவிப் போச்சு. நீங்க கீழ எழுதினா அண்ணன் ரத்தசாட்சி இல்லன்னு நீங்களே சொல்றதா ஆகாதா? பொண்டாட்டி வாயாலயே?"

"சிந்தினது எதுக்காகன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியல." மடியில் கிடந்த பட்டைத் தள்ளி வைத்தாள். "ஆறு வருஷமா நான் அழுததில்ல, கவனிச்சீங்களா? ஏன் அழணும்? அவன் அங்க மேல, அந்தப் பதினோரு பேரோட நிக்கறான். அவனைக் கொண்டுபோய் எங்கப்பாவோடயும் சித்தப்பாவோடயும் வரிசைல நிக்க வெப்பீங்களா? அப்படிப் படிச்சா அன்னிக்கே நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள்தான். அப்பக்காரம்மா எழுந்து உள்ளே போய் உலை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பாதிரியாரிடம் போனாள். வந்து இரண்டு வருடமே ஆன இளவயதுப் பாதிரியார். மேசையில் கணக்கில்லாமல் புத்தகங்கள், கோப்பையில் ஆறிப்போன டீ.

"தப்பு என் பேர்லதாம்மா" என்றார், முழுதும் கேட்டுவிட்டு. "கோயில்பிள்ளை எழுதிக் குடுத்ததை நான் அப்படியே படிச்சிட்டேன். பிஷப்கிட்டருந்து பதில் வராம நான் யாரையும் மேல ஏத்த முடியாது, கீழருந்து எடுக்கவும் முடியாது. பன்னெண்டாவது அப்பமும் வேண்டாம். ஞாயித்துக்கெழமை நீங்க ஒரு சீட்டு குடுத்தா போதும், படிச்சிடறேன்."

"அவ வீட்டை விட்டுப் போறேங்கறா, ஃபாதர்."

"ஏன் உங்களுக்கு அவர் ரத்தசாட்சி இல்லன்னு தோணுது? அதைச் சொல்லுங்க."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். ஆறு வருடம் ஒருவரிடமும் சொல்லாதது. பழைய பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாதியில் விழுங்கியது.

"அவர் சாவியைக் குடுக்க மாட்டேன்னு சொல்லல ஃபாதர். அவர்கிட்ட சாவியே இல்ல. எங்கிட்ட இருந்துச்சு. அந்த வாரம் ரெண்டு தரம் குடிச்சிட்டுக் கதவைத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டார். அன்னிக்குக் காலைல அவர் கைல இருந்து பிடுங்கிக்கிட்டேன். 'சாவி வெச்சிருக்க உங்களுக்கு யோக்கியதை இல்ல'ன்னேன். அதான் நான் அவர்கிட்ட கடைசியா பேசினது. அப்புறம் அடுப்பறைல கதவைச் சாத்திக்கிட்டு மாவு பெசைஞ்சிட்டிருந்தேன். காத்து பட்டா மாவு பொங்காது. சுட்ட சத்தம் கேட்டுச்சு. அப்பல்லாம் தெனமும் கேக்கும். நான் பெசைஞ்சிக்கிட்டே இருந்தேன்."

பாதிரியார் எதிரே திறந்து கிடந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"சாவி இருந்திருந்தா குடுத்திருப்பார் ஃபாதர். பயந்த சுபாவம். உயிரோட இருந்திருப்பார். அவர் சாட்சியும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. என்னால செத்தார்."

"இல்லன்னு சொன்னதும் அவங்க விட்டுட்டாங்களா? யார்கிட்ட இருக்குன்னு கேட்டிருப்பாங்களே?"

அந்தக் கேள்வி அப்பக்காரம்மாவுக்கும் தோன்றியிருக்கிறது. தோன்றும்போதெல்லாம் வேறு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

"பாத்தவர் ஒருத்தர் இருக்காரே" என்றார் பாதிரியார். "கேட்டீங்களா?"

கோயில் வாசலுக்கு நேர் எதிரே உட்காரும் செருப்புத் தைக்கிறவர்தான் அது. அவரிடம் போகாமல் இருப்பதற்காகவே ஆறு வருடமாக இரண்டு தெரு தள்ளி நடந்து வேறொருவரிடம் செருப்புத் தைத்துக்கொண்டு வந்தவள் அவள். அன்றைக்குச் சாயங்காலம் கால் தானாக அங்கே போய் நின்றது.

அவர் ஒரு பூட்ஸின் அடியில் பசை தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாக்கை உதறிப் போட்டார். "உக்காருங்கம்மா. செருப்பு பிஞ்சிடுச்சா?"

"இல்ல. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேக்க வந்தேன்."

"எல்லாருக்கும் சொன்னதையா, நடந்ததையா?"

"நடந்ததை."

அவர் கோயில் படியைப் பார்த்தபடியே சொன்னார். "அழுதாரும்மா. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. 'விட்டுடுங்கய்யா, எனக்கு நெஞ்சு வலி இருக்கு'ன்னு கெஞ்சினார். அப்புறம் ஜனங்க வந்து, 'வேதத்துச் சங்கீதம் பாடினாராமே'ன்னு எங்கிட்டயே கேட்டாங்க. ஏதோ முணுமுணுத்தார்னு சொன்னேன். அவங்க அதைச் சங்கீதமாக்கிட்டாங்க. நான் எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"சாவி?"

"எங்கிட்ட இல்லன்னார். பையெல்லாம் வெளிய இழுத்துப் பாத்தாங்க. நெஜமாவே இல்ல. அப்ப யார்கிட்ட இருக்குன்னு ஒருத்தன் கேட்டான்." அவர் கையை நீட்டிக் காட்டினார். "உங்க அடுப்பறை புகைபோக்கி இங்கேருந்தே தெரியும் பாருங்க. அன்னிக்கும் புகை வந்துக்கிட்டிருந்துச்சு. அவர் தலைய நிமித்தி அதை ஒரு தரம் பாத்தார். பாத்துட்டு சட்டுனு மூஞ்சியைத் தெருப் பக்கம் திருப்பிக்கிட்டார். 'தெரியாது'ன்னார். மூணு தரம் கேட்டாங்க. துப்பாக்கிக் கட்டையால அடிச்சுக் கேட்டாங்க. மூணு தரமும் தெரியாதுன்னார். அழுதுக்கிட்டேதான் சொன்னார்."

அப்பக்காரம்மா சாக்கில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கூட்டம் போய்வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு ஜோடிச் செருப்பை ஆணி அடிக்கக் கொடுத்து, அடித்து வாங்கிக்கொண்டு போனார்கள். சாவி எங்கே என்று மணிக்காரருக்குத் தெரியும். காலையில் பிடுங்கியதே அவள்தானே. யோக்கியதை இல்லை என்று சொன்னவள் இருந்த திசையைக்கூடக் காட்டிக்கொடுக்காமல், குடிகாரன், பயந்தாங்கொள்ளி, அழுதுகொண்டே நின்று செத்திருக்கிறான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

சனிக்கிழமை அவள் பதினோரு அப்பம் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் மாவை இரண்டு உருண்டையாக்கித் தட்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஈரக்கையால் ஒட்டி, மேலே மர முத்திரையை அழுத்தி, ஊசியால் சுற்றிலும் குத்தினாள். குத்தாவிட்டால் உள்ளே காற்று உப்பி முத்திரை கோணும். கோணினால் பலிபீடத்துக்கு ஆகாது. அன்று ஒன்றுகூடக் கோணவில்லை.

அப்பங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வாசலில் வந்து நின்று எண்ணினாள். எண்ணியது உதட்டசைவில் தெரிந்தது.

"பதினொண்ணுதானா?"

"பதினொண்ணுதான். உள்ள வா. கதவைச் சாத்து."

"நான் ஒண்ணும் கேக்க வரல. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். போறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"போடி. கேட்டுட்டுப் போ."

அப்பக்காரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சாவியைச் சொன்னாள், தான் சொன்ன வார்த்தையைச் சொன்னாள், நெஞ்சு வலி என்று அவர் கெஞ்சியதைச் சொன்னாள், புகைபோக்கியைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. கை பாட்டுக்குத் துணியை மடித்தது.

"உங்களாலதான்" என்றாள் நாத்தனார் கடைசியில்.

"ஆமா."

"சாவி இருந்திருந்தா..."

"ஆமாடி. இருந்திருந்தா இன்னிக்கும் பின்னாடி நின்னு பொகைச்சிக்கிட்டிருப்பார். நாம ரெண்டு பேரும் திட்டிக்கிட்டிருப்போம்."

"அவன் அழுதானா?"

"அழுதாராம்."

நாத்தனார் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பெட்டி இல்லை. தைத்து முடித்த சிவப்புத் துணி மட்டும் மிஷின் மேல் மடித்து வைத்திருந்தது. அப்பக்காரம்மா இரண்டு பேருக்கு வடித்த சோற்றில் ஒரு பாதியைத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். பாதிரியார் சிவப்பு அங்கி போட்டிருந்தார். மேசைமேல் பதினோரு அப்பமும் அடுக்கி முடித்து அப்பக்காரம்மா திரும்பியபோது, மெழுகுவர்த்தி விற்கும் மேசையருகே நாத்தனார் நிற்பதைப் பார்த்தாள். முதல்நாள் உடுத்திய அதே புடவை, கசங்கி இருந்தது. அவள் முன்னால் ஒரு சீட்டு. பெயர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே செத்தவர்கள். பென்சில் அந்தரத்தில் நின்றது.

கோயில்பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் எட்டிவிட்டது.

அப்பக்காரம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். தன் சீட்டை அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். அதைச் சொல்லவில்லை.

"ராத்திரி எங்க இருந்தே?"

"மிஷின் கத்துக்கிட்டேனே, அந்த டீச்சர் வீட்டுல."

"சாப்பிட்டியா?"

நாத்தனார் தலையசைத்தாள். ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. பிறகு குனிந்து, கோட்டுக்கு மேலே முதலில் எழுதினாள். அது அப்பக்காரம்மாவின் பெயர். அந்தப் பெயரைக் கோயிலில் யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. அவளுக்கே ஒரு கணம் யாரோ என்று இருந்தது.

"இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒரு நாள்கூட எழுதினதில்ல அண்ணி" என்றாள். "எல்லாம் அவனுக்கே பாத்துக்கிட்டிருந்துட்டேன்."

பென்சில் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அப்பா பெயர் எழுதினாள். சித்தப்பா பெயர் எழுதினாள். மூன்றாவது வரியில் முதல் எழுத்தைப் போட்டதும் கை நின்றுவிட்டது. உள்ளே சங்கீதம் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மிச்ச எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல அழுத்தி எழுதி முடித்தாள். முடித்ததும் பென்சிலை வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, எழுதியதைப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள். "எங்கண்ணன் செத்துப்போயிட்டான் அண்ணி."

அவ்வளவுதான். மறுகணம் கல் தரையில் உட்கார்ந்து, ஆறு வருட அழுகையையும் ஒன்றாக அழுதாள். இன்றைக்குத்தான் யாரோ வந்து செய்தி சொன்னது போல. அப்பக்காரம்மாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். கோயில்பிள்ளை அந்தச் சீட்டை எடுத்து, எதையும் அடிக்காமல், உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.